கோப்பை யாருக்குச் சொந்தம்?

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை மாணவன், ராயகிரி)



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று சங்கத்தில் கேட்டார்கள். "கவிதையா?" என்றேன். "கவிதை ஏற்கனவே பதினேழு வந்து கிடக்கு. அதுல பதினஞ்சு காதல். நீ வேற ஏதாவது எழுதுப்பா" என்றார்கள். எனக்குத் தெரிந்தது இரண்டுதான். கொஞ்சம் கணக்கு, கொஞ்சம் கால்பந்து. இரண்டையும் சேர்த்துத் தருகிறேன். படித்துவிட்டுத் திட்டுவதென்றால் ஹாஸ்டல் வராண்டாவில் வைத்துத் திட்டுங்கள்.

முதலில் கணக்கு. ஒரு போட்டித் தொடரில் பத்து அணிகள். ஒவ்வொரு அணியும் மற்ற ஒன்பது அணிகளோடும் இரண்டு முறை மோத வேண்டும். ஆக ஓர் அணிக்கு 18 ஆட்டம். ஜெயித்தால் 3 புள்ளி, சமன் என்றால் 1 புள்ளி. நான்கு மாதம் ஆடி முடித்த பிறகு முதலிடத்து அணிக்கு 40 புள்ளி. இரண்டாமிடத்து அணிக்கு 32 புள்ளி. சாம்பியன் யார்?

"இதுல கேக்க என்ன இருக்கு? நாப்பது எடுத்தவன்தான்" என்பீர்கள். இல்லை! 32 எடுத்தவன்தான் சாம்பியன். இது நான் கற்பனையாகப் போட்ட கணக்கு இல்லை. 2017–18 இந்தியன் சூப்பர் லீக் கால்பந்தில் உண்மையாக நடந்தது. 40 புள்ளி எடுத்தது பெங்களூரு எஃப்.சி. 32 எடுத்தது நம்ம சென்னையின் எஃப்.சி. 2018 மார்ச் 17 அன்று, பெங்களூரு கண்டீரவா மைதானத்தில், அவர்கள் ஊர்க் கூட்டத்துக்கு நடுவிலேயே 3–2 என்று ஜெயித்துக் கோப்பையைத் தூக்கி வந்தார்கள் நம்மவர்கள்.

அப்போது நான் சின்னப் பையன். இந்தக் கதையை எனக்குச் சொன்னது ஹாஸ்டல் சீனியர் அண்ணன் ஒருத்தர். கேட்டதும் விசில் அடித்தேன். நம்ம ஆள் ஜெயிச்சா விசில் வரத்தானே செய்யும்! ஆனால் லீவுக்கு ஊருக்குப் போனபோது இதை அப்பாவிடம் சொன்னேன். எங்க அப்பா கரும்பு வெட்டுகிறவர். பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்கியதில்லை. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பத்தாம் வகுப்பைத் தாண்டியது நான்தான். கால்பந்து என்றால் அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது. கதை முழுவதையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஏலே, எங்க வேலையில டன் கணக்குக்குக் கூலி. சீசன் பூரா நாப்பது டன் வெட்டுனவன் ஒருத்தன். முப்பத்திரண்டு டன் வெட்டுனவன் ஒருத்தன். கடைசி நாள் ரெண்டு பேரையும் ஒரு வயல்ல இறக்கிவிட்டு, அன்னைக்கு யாரு வேகமா வெட்டுதானோ அவனுக்குத்தான் சீசன் பரிசுன்னா, நாப்பது டன் வெட்டுனவன் சும்மா இருப்பானா?"

எனக்குப் பதில் வரவில்லை. பக்கத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மாதான் பதில் சொன்னாள். "வருசம் பூரா நல்லா சமைக்குதவ, கொடைக்குச் சொந்தக்காரங்க வந்த அன்னைக்குக் கொழம்பைக் கெடுத்தா என்ன சொல்லுவீங்க? நாலு பேர் கூடுத அன்னைக்கும் கை நிக்கணும்லா?"

நண்பர்களே, உலகத்தில் விளையாட்டை நடத்துகிற பெரிய பெரிய ஆட்கள் கோட்டும் சூட்டும் போட்டு உட்கார்ந்து விவாதிப்பது இந்த இரண்டு வாக்கியத்தைத்தான். அப்பா சொன்னது லீக். அம்மா சொன்னது நாக்-அவுட்.

நம் வொர்க்‌ஷாப்பில் இரண்டும் இருக்கிறது. வெர்னியர் காலிப்பர் வைத்தால் எத்தனை மில்லிமீட்டர், எவ்வளவு கூட, எவ்வளவு குறைவு என்று சொல்லும். ஆனால் நேரம் எடுக்கும். கோ – நோ கோ கேஜ் வைத்தால் ஒரு நொடியில் முடிந்துவிடும். கோ பக்கம் உள்ளே போய், நோ கோ பக்கம் போகாவிட்டால் பாஸ், இல்லையென்றால் தூக்கிப் போடு. எவ்வளவு வித்தியாசம் என்று அது சொல்லாது. இரண்டில் எது நல்ல கருவி என்று கேட்டால் மாஸ்டர் சிரிப்பார். என்ன வேலைக்கு என்று முதலில் சொல்லு என்பார். லீக் பட்டியல் வெர்னியர் மாதிரி. சீசன் முழுக்க யார் நன்றாக ஆடினார்கள் என்று காட்டும். நாக்-அவுட் கேஜ் மாதிரி. இன்று இந்த மைதானத்தில் யார் ஜெயித்தார்கள் என்று மட்டும் சொல்லும்.

சென்னையின் எஃப்.சி.க்கு இது முதல் தடவையும் இல்லை. 2015இல் லீக் முடிந்தபோது எஃப்.சி. கோவா 25 புள்ளியோடு முதலிடம். சென்னை 22 புள்ளியோடு மூன்றாமிடம். அந்த சீசனில் பாதிக்கு மேல் ஆன பிறகும் சென்னை பட்டியலின் அடியில் கிடந்த அணி. கடைசி ஆட்டங்களை வரிசையாக ஜெயித்து அரையிறுதிக்குள் நுழைந்தது. டிசம்பர் 20 அன்று கோவாவில் இறுதிப் போட்டி. 87ஆவது நிமிடத்தில் கோவா 2–1 என்று முந்தியது. மைதானமே கொண்டாட ஆரம்பித்துவிட்டது. 90ஆவது நிமிடத்தில் கோவா கோல்கீப்பர் கையில் பட்டுப் பந்து சொந்த வலைக்குள்ளேயே போனது. இரண்டு நிமிடம் கழித்து மெண்டோசா அடித்தார். 3–2! லீக் மட்டும்தான் என்று வைத்திருந்தால் இப்படி ஓர் இரவு கிடைத்திருக்குமா? அடியில் கிடந்தவன் எழுந்து வர ஒரு வழி வேண்டாமா? அரியர் வைத்து எழுதிப் பாஸான நம்ம பசங்களைக் கேட்டால் அந்த வழியின் அருமை தெரியும்.

ஆனால் கோவாக்காரன் பக்கம் நின்றும் யோசிக்க வேண்டும். இப்படியே போனால் நான்கு மாதம் முதலிடத்தில் இருந்ததற்கு என்னதான் பலன்? இந்தக் கேள்வி பல வருஷம் கேட்கப்பட்டது. கடைசியில் 2019–20 சீசனில் ஒரு வழி செய்தார்கள். பட்டியலில் முதலிடம் பிடித்தால் ஒரு கேடயம், இறுதிப் போட்டியில் ஜெயித்தால் ஒரு கோப்பை என்று இரண்டு பரிசு. ஆசிய சாம்பியன்ஸ் லீக்கில் ஆடும் வாய்ப்பு கேடயம் வாங்கியவருக்கு. அந்த முதல் கேடயத்தை வாங்கியது அதே எஃப்.சி. கோவா, 39 புள்ளியோடு. அந்த வருஷமும் அரையிறுதியில் அவர்களை வெளியேற்றியது 29 புள்ளியோடு நான்காமிடத்தில் வந்த சென்னைதான்! இரண்டு ஆட்டமும் சேர்த்து 6–5. ஆனால் இந்தத் தடவை கோவா வெறுங்கையோடு போகவில்லை. 2021இல் ஆசிய சாம்பியன்ஸ் லீக் குரூப் சுற்றில் ஆடிய முதல் இந்திய கிளப் என்ற பெயர் அவர்களுக்குக் கிடைத்தது. அப்பா கேள்விக்கும் பதில், அம்மா கேள்விக்கும் பதில். இதைப் படித்தபோது, மனசு வைத்தால் நியாயமாக ஒரு விதி எழுத முடியும் என்று நம்பிக்கை வந்தது.

கிரிக்கெட் மட்டும் பார்க்கிற நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. ஐ.பி.எல்.லில் 2011இலிருந்து பட்டியலின் முதல் இரண்டு அணிகள் ஒரு பிளே-ஆஃப் ஆட்டத்தில் தோற்றாலும் இன்னொரு வாய்ப்பு உண்டு. மூன்றாவது, நான்காவது அணிகளுக்கு ஒரு தோல்வியோடு கதை முடிந்தது. சீசன் முழுக்க உழைத்ததற்கு அது ஒரு கூலி. கூலி என்ன என்று முதல் நாளே எல்லோருக்கும் தெரியும்.

சரி, பட்டியலும் வேண்டாம், ஆட்டமும் வேண்டாம், பெரியவர்கள் பத்துப் பேர் உட்கார்ந்து முடிவு செய்தால் என்ன? இதைச் செய்து பார்த்த நாடு அமெரிக்கா. அங்கே கல்லூரி மாணவர்கள் ஆடுகிற ஃபுட்பால் பெரிய திருவிழா. அது நம்ம கால்பந்து இல்லை. பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிற ஆட்டம். நூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரிகள் இருப்பதால் எல்லோரும் எல்லோரோடும் மோத முடியாது. ரொம்ப காலம் பத்திரிகைக்காரர்களும் பயிற்சியாளர்களும் ஓட்டுப் போட்டுத்தான் யார் முதல் என்று சொன்னார்கள். 1997இல் ஓர் ஓட்டெடுப்பில் மிச்சிகன், இன்னொன்றில் நெப்ராஸ்கா என்று இரண்டு பேர் சாம்பியன்! 2014இலிருந்து 13 பேர் கொண்ட ஒரு குழு நான்கு அணிகளைத் தேர்ந்தெடுத்து அரையிறுதி ஆட வைத்தது. 2023இல் ஃப்ளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழக அணி ஆடிய 13 ஆட்டத்தையும் ஜெயித்தது. பதிமூன்றுக்குப் பதிமூன்று! ஆனால் அதன் முக்கிய ஆட்டக்காரருக்குக் கால் முறிந்துவிட்டது. அவர் இல்லாமல் இந்த அணி பழைய பலத்தோடு இல்லை என்று சொல்லி, ஓர் ஆட்டம் தோற்றிருந்த அலபாமாவை எடுத்துக்கொண்டு இவர்களை வெளியே விட்டது குழு. பிறகு நடந்த வேறொரு ஆட்டத்தில் ஃப்ளோரிடா ஸ்டேட் 63–3 என்று தோற்றது. "பாத்தியா, நாங்க சொன்னது சரிதான்" என்றார்கள் சிலர். அந்த ஆட்டத்தில் அவர்களுடைய முக்கியமான பையன்கள் பலர் இறங்கவே இல்லை. 2024இல் நான்கு என்பதைப் பன்னிரண்டு அணி ஆக்கினார்கள்.

குழுவில் இருந்தவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆட்டம் தெரிந்தவர்களாகத்தான் இருப்பார்கள். ஆனால் தோற்கவே தோற்காத ஒரு பையனிடம் போய், "நீ தோற்றுவிடுவாய் என்று எங்களுக்குத் தோன்றுகிறது, அதனால் நீ ஆட வேண்டாம்" என்று சொன்னால் அவன் அதை எப்படித் தாங்குவான்? களத்தில் தோற்றால் ஒரு ராத்திரி அழுதுவிட்டுத் தூங்கிவிடலாம். இது தூங்க விடாது.

இதில் ஒரு சின்ன அனுபவம் எனக்கும் உண்டு. எங்கள் பக்கத்தில் பொங்கலுக்கும் கோவில் கொடைக்கும் மின்னொளி கபடிப் போட்டி நடக்கும். ராயகிரிப் பசங்க நாங்களும் டீம் சேர்த்துக்கொண்டு போவோம். ஒரு வருஷம் ஓர் ஊரில் 19 அணி வந்திருந்தது. ஓர் ஆட்டத்துக்கு ஓர் அணி வெளியேறும் என்பதால் 19 அணிக்கு 18 ஆட்டம் போதும். ஆட்டத்துக்கு அரை மணி என்றால் ஒன்பது மணி நேரம். ராத்திரி எட்டு மணிக்கு ஆரம்பித்தால் விடியும்போது பரிசு கொடுத்துவிடலாம். அதே 19 அணிக்கு லீக் வைத்தால் 171 ஆட்டம்! இடைவிடாமல் ஆடினாலும் மூன்றரை நாள். ஆகவே நாக்-அவுட் வைத்ததில் எங்களுக்கு வருத்தம் இல்லை.

வருத்தம் வேறு இடத்தில். 19 அணியை 16 ஆக்க முதல் சுற்றில் 3 ஆட்டம். அதாவது ஆறு அணி ஆட வேண்டும், 13 அணிக்கு பை. சீட்டுப் போட்டு எடுப்பார்கள் என்று நினைத்தோம். நாங்கள் வண்டியை விட்டு இறங்கும்போதே போர்டில் சாக்பீஸால் எழுதி முடித்திருந்தது. எங்கள் அணி அந்த ஆறில் ஒன்று. நடத்துகிறவர்களின் இரண்டு அணிக்கும் பை. சீட்டு எப்போ போட்டீங்க என்று கேட்டதற்கு, "அதெல்லாம் முறைப்படி போட்டாச்சு தம்பி" என்று பதில் வந்தது. அரையிறுதி அதிகாலை மூன்று மணிக்கு. எங்களுக்கு அது நான்காவது ஆட்டம், எதிரணிக்கு மூன்றாவது. நான்கு பாயிண்டில் தோற்றோம். பை இருந்திருந்தால் ஜெயித்திருப்போம் என்று என்னால் சொல்ல முடியாது. அவர்கள் நல்ல அணி. சீட்டை எங்கள் கண் முன்னால் போட்டு, அதிலும் எங்கள் பெயரே வந்திருந்தால் வாயை மூடிக்கொண்டு ஆடியிருப்போம். நடந்தது என்ன? திரும்பி வரும் வழியெல்லாம் ஒருத்தனும் ஆட்டத்தைப் பற்றிப் பேசவில்லை. போர்டைப் பற்றித்தான் பேசினோம்.

பட்டியல் வைத்தால் மட்டும் வம்பு தீர்ந்துவிடுமா என்றால் அதுவும் இல்லை. 2024–25 ஐ-லீக் முடிந்தபோது சர்ச்சில் பிரதர்ஸுக்கு 40 புள்ளி, இன்டர் காசிக்கு 39. சர்ச்சில்தான் சாம்பியன் என்று அறிவித்தார்கள். ஆனால் ஜனவரி 13 அன்று இன்டர் காசியோடு ஆடி ஜெயித்த நாம்தாரி அணி, ஆடத் தகுதி இல்லாத ஒருவரை இறக்கியது என்று ஒரு வழக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கமிட்டி புள்ளியை இன்டர் காசிக்குக் கொடுத்தது; மேல் கமிட்டி அதைப் பறித்தது. கடைசியில் சுவிட்சர்லாந்தில் இருக்கிற விளையாட்டு நடுவர் மன்றம் வரை போய், 2025 ஜூலை 18 அன்று இன்டர் காசிதான் சாம்பியன் என்று தீர்ப்பு வந்தது. லீக் ஆடி முடித்த பிறகு, சாம்பியன் யார் என்பது தெரிந்தது ஜூலையில்! கொண்டாடிய சர்ச்சில் பையன்களுக்கும் வேதனை, காத்துக் கிடந்த காசி பையன்களுக்கும் வேதனை. விதி புத்தகத்தில் இருந்தால் போதாது. சந்தேகம் வந்தால் யார், எத்தனை நாளில் தீர்ப்பது என்பதும் அதே புத்தகத்தில் தெளிவாக இருக்க வேண்டும்.

இதையெல்லாம் விட என்னை ரொம்ப யோசிக்க வைத்தது கோயம்புத்தூர் கதை. 2018–19 ஐ-லீக்கில் நம்ம சென்னை சிட்டி எஃப்.சி. கோவையைச் சொந்த மைதானமாக வைத்து ஆடியது. கடைசி நாள், 2019 மார்ச் 9. ஜெயித்தால்தான் நிச்சயமாகக் கோப்பை என்ற நிலை. இடைவேளையில் 0–1 என்று பின்தங்கியிருந்தவர்கள் மினர்வா பஞ்சாபை 3–1 என்று வீழ்த்தினார்கள். சென்னை சிட்டி 43 புள்ளி, பேர் பெற்ற ஈஸ்ட் பெங்கால் 42. ஒரே ஒரு புள்ளி! இருபது ஆட்டம் ஆடிப் பட்டியலில் முதலிடம் வந்து வாங்கிய கோப்பை. யாரும் ஒரு குறை சொல்ல முடியாது.

ஆனால் அதற்குப் பிறகு? சூப்பர் லீக்குக்குப் போக அவர்களுக்கு வழி இல்லை. அப்போது ஐ-லீக்கில் ஜெயித்தால் மேலே ஏற்றிவிடும் விதியே கிடையாது. அந்தக் கதவு 2022–23 ஐ-லீக் ஜெயித்த பஞ்சாப் அணிக்குத்தான் முதலில் திறந்தது. சென்னை சிட்டி 2020–21க்குப் பிறகு ஐ-லீக்கிலேயே ஆடவில்லை. எப்பேர்ப்பட்ட அணி, கதவு திறப்பதற்கு முன்னாலேயே போய்விட்டது! லீக்கா நாக்-அவுட்டா என்று நாம் சண்டை போடுகிறோம். ஜெயித்தவன் மேலே போக ஏணி இல்லை என்றால் எந்த முறையில் ஜெயித்து என்ன?

தோழர்களே, நம்மைப் பற்றிச் சிலர் பேசுவது உங்களுக்கும் கேட்டிருக்கும். "டிப்ளமோதானே?" என்பார்கள். பத்தாம் வகுப்போடு நம் கணக்கை முடித்துவிட்டார்கள். ஆனால் நமக்கு ஓர் ஏணி இருக்கிறது. டிப்ளமோ மார்க்கை வைத்து பி.இ. இரண்டாம் ஆண்டில் நேராகச் சேரலாம். ஆறு செமஸ்டர் மார்க் நமக்கு லீக். கேம்பஸ் இன்டர்வியூ நாக்-அவுட். அன்றைக்கு நாக்கு குழறினால் போச்சு. என்னைப் போல வீட்டில் இங்கிலீஷ் பேச ஆள் இல்லாதவன் அந்தப் பத்து நிமிஷத்தில் திணறலாம். அதனால் ஒரு செமஸ்டரையும் விட்டுவிடாமல் புள்ளி சேர்த்துக்கொண்டே வருகிறேன். இரண்டு வழியும் திறந்திருக்கும் வரைக்கும் எனக்குப் பயம் இல்லை.

இனி நம்ம கல்லூரி விஷயம். நம் துறைகளுக்கு இடையிலான கால்பந்துப் போட்டியை நாக்-அவுட் முறையில் நடத்துகிறோம். ஐந்து துறை, நான்கு ஆட்டம், இரண்டே நாள். மூன்று துறைக்கு பை. போன வருஷம் இ.இ.இ. பசங்க முதல் ஆட்டத்திலேயே, கொட்டுகிற மழையில், பெனால்டியில் தோற்றார்கள். ஒரு மணி நேரத்தில் அவர்கள் வருஷம் முடிந்தது. அவர்களோடு மெக்கானிக்கல் ஒரு தடவையாவது ஆடிப் பார்த்திருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

நான் இந்த வருஷத்தோடு போகிறேன். தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் சங்கத்துக்கும் என் யோசனை இதுதான். ஐந்து துறைக்கும் லீக் வைத்தால் பத்து ஆட்டம்தான். வாரத்துக்கு இரண்டு ஆட்டம், ஐந்து வாரம். ஒவ்வொரு வாரமும் ஒரு துறைக்கு ஓய்வு. அதுவும் பைதான், ஆனால் எல்லோருக்கும் ஒரே ஒரு முறை. ஐந்து வாரம் முடிந்ததும் முதலிடத்துக்குக் கேடயம். பிறகு முதல் இரண்டு துறைகளுக்கு இறுதிப் போட்டி, அதில் கோப்பை. அந்த ஆட்டம் சமனில் முடிந்தால் பெனால்டி வேண்டாம். பட்டியலில் முதலிடம் வந்தவருக்கே கோப்பை. யார் யாரோடு எந்த வாரம் என்பதை ஐந்து கேப்டன்களும் நிற்க, கேன்டீன் முன்னால் சீட்டுப் போட்டு எடுக்க வேண்டும். புகார் வந்தால் எந்தத் துறையையும் சேராத ஓர் ஆசிரியர் இரண்டு நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். இவை எல்லாம் முதல் விசிலுக்கு முன்னால் நோட்டீஸ் போர்டில் ஒட்டப்பட வேண்டும். சாக்பீஸில் வேண்டாம், தாளில் எழுதிக் கையெழுத்தோடு.

இதற்கு ஆகிற செலவு ஐந்து வாரமும் ஒரு சுண்ணாம்பு மூட்டையும். மைதானம் இருக்கிறது, பந்து இருக்கிறது, ஆடப் பசங்க துடித்துக்கொண்டு இருக்கிறார்கள். இதிலும் யாராவது தோற்கத்தான் செய்வார்கள். தோற்றவன் எந்த ஆட்டத்தில், எந்த கோலில் தோற்றோம் என்று பேசிக்கொண்டு ஹாஸ்டலுக்கு நடந்தால் போதும். அடுத்த வருஷம் அவன் மறுபடி ஆட வருவான்.

அடுத்த வருஷம் இந்தக் கல்லூரியில் இருக்கப் போகிறவர்கள் இதைச் சங்கத்தின் முதல் கூட்டத்திலேயே எழுந்து கேளுங்கள். நான் எங்கே வேலையில் இருந்தாலும், எந்தக் கல்லூரியில் சேர்ந்திருந்தாலும், இறுதிப் போட்டி பார்க்க பஸ் ஏறி வந்துவிடுவேன். மெக்கானிக்கல் ஜெயிக்கட்டும் என்று கத்தத்தான் செய்வேன், அதில் மட்டும் நியாயம் எதிர்பார்க்காதீர்கள்!